கிராங்க் போல்ட்டும் ஒரு வெள்ளைக் கோடும்

எங்கள் வீட்டில் இருப்பது 2002 ஆம் ஆண்டின் ஹோண்டா அக்கார்ட், 2.3 லிட்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். அதன் டைமிங் பெல்ட்டை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டோடு வால்வுகளையும் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் பல் பட்டையை, மாற்றி ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இந்த எஞ்சினில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் திறந்து நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன்கள் மேலேறி இடித்து வளைத்துவிடும். பெல்ட்டுக்கு ஆகும் செலவைப் போலப் பல மடங்கு எஞ்சினின் தலைப்பகுதிக்கு ஆகும். ஆகவே பெல்ட்டை மாற்றியே தீர வேண்டும் என்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன். பெல்ட்டை மாற்றுவது பெரிய வித்தையில்லை. பெல்ட்டை மூடியிருக்கும் கீழ் உறையைக் கழற்ற வேண்டும், அந்த உறையைக் கழற்றக் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் கிராங்க் புல்லி வெளியே வர வேண்டும், புல்லி வெளியே வர அதன் நடுவில் இருக்கும் ஒரே ஒரு போல்ட் இளக வேண்டும். 19 மில்லிமீட்டர் தலை கொண்ட அந்த ஒற்றைப் போல்ட் எங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது.

"எங்கள்" என்று நான் சொல்வது என்னையும், கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மூத்த மெக்கானிக்கையும். இருபது ஆண்டுகளாக அவரை அண்ணா என்றுதான் அழைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை மூடியிருக்கும்போது என் காரை நானே பிரித்து வேலை செய்ய இடம் கொடுப்பார். தவறு செய்யப்போகிறேன் என்று தெரிந்தால் மட்டும் வாய் திறப்பார்.

இந்தப் போல்ட்டைத் தொழிற்சாலை அளவின்படி 245 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்கு இறுக்க வேண்டும். இந்த எண் எவ்வளவு பெரியது என்பதை உணர ஒரு சிறு கணக்கு போதும். கால் மீட்டர் நீளக் கைப்பிடியைப் பிடித்து இழுப்பதாக இருந்தால் அதன் முனையில் சுமார் 100 கிலோ எடையைத் தொங்கவிட வேண்டும். கைப்பிடி ஒரு மீட்டர் நீளம் என்றால் 25 கிலோ போதும். இது முறுக்கும்போது தேவைப்படும் அளவு. ஆண்டுக்கணக்கில் சூடாகியும் ஆறியும், மழை நீர் தெறித்தும், வாஷருக்கும் புல்லிக்கும் இடையே துரு மெல்லப் படிந்தும் இருக்கும் போல்ட்டைக் கழற்றுவதற்கு அதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகலாம். ஒரு போல்ட்டை முறுக்கச் செலவிடும் விசையில் ஏறக்குறைய பாதி அதன் தலைக்கு அடியில் நடக்கும் உராய்விலும், இன்னொரு பெரும் பங்கு மரைகளின் உராய்விலும் போய்விடும். பத்தில் ஒரு பங்கு அளவே போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் இறுக்கமாக மாறுகிறது. ஆகவே தலைக்கு அடியில் ஒரு மெல்லிய துருப்படலம் சேர்ந்தால்கூடக் கழற்றுவதற்கு வேண்டிய விசை பெருமளவு ஏறிவிடும்.

இந்த எஞ்சினுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. பெரும்பாலான கார்களில் புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் கிராங்க் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். ஹோண்டாவின் பழைய பி, டி, எஃப், எச் வரிசை எஞ்சின்களில் பெரும்பாலானவை அதற்கு எதிர்த்திசையில் சுற்றுபவை. 2001 இல் வந்த கே வரிசையில்தான் அந்த நிறுவனம் மற்றவர்களின் திசைக்கு மாறியது. என் காரின் எஞ்சின் எஃப் வரிசையைச் சேர்ந்தது. திசை மாறுவதால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். இறுகிய கிராங்க் போல்ட்டை இளக்குவதற்கு ஊரெங்கும் தெரிந்த ஒரு குறுக்குவழி இருக்கிறது. போல்ட்டில் ஒரு நீண்ட கைப்பிடியை மாட்டி, அதன் முனையைத் தரையிலோ சேசிஸிலோ முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒரு நொடி தட்டிவிடுவார்கள். கிராங்க் சுற்ற முனையும், போல்ட் அசையாமல் நிற்கும், மரை கழன்றுவிடும். கிராங்க் கடிகாரத் திசையில் சுற்றும் எஞ்சினில் இது வேலை செய்யும். எதிர்த்திசையில் சுற்றும் எஞ்சினில் இதே வேலையைச் செய்தால் ஸ்டார்ட்டர் போல்ட்டை மேலும் இறுக்கும். மரை வலது கை மரைதான்; சுற்றும் திசைதான் வேறு. வேறு எஞ்சினில் பலித்த வித்தை என்பதற்காக இங்கேயும் செய்யப்போனால் கைப்பிடி துள்ளி வந்து ஆளை அடிக்கும், போல்ட்டும் இன்னும் இறுகி நிற்கும். குறுக்குவழிகள் எனக்கு எப்போதும் பிடிப்பதில்லை. இந்தக் குறுக்குவழி இங்கே மூடியே இருந்தது நல்லது என்றே கருதுகிறேன்.

முதல் ஞாயிறு காலை முன் இடது சக்கரத்தைக் கழற்றி, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, உள்ளிருந்த பிளாஸ்டிக் தடுப்பை எடுத்துவிட்டு, அரை இஞ்ச் பிரேக்கர் பாரை (இறுகிய போல்ட்டுக்கான நீண்ட கைப்பிடி) ஒரு நீண்ட எக்ஸ்டென்ஷனுடன் (இடையில் மாட்டும் நீட்டுக் கம்பி) சேர்த்துப் போல்ட்டில் மாட்டினேன். சாக்கெட் ஆறு பட்டை கொண்டது. பன்னிரண்டு பட்டைச் சாக்கெட்டுகள் இத்தகைய இறுக்கத்தில் போல்ட் தலையின் முனைகளை மட்டுமே பற்றி, அவற்றைச் சீவி வட்டமாக்கிவிடும். தலை வட்டமான கிராங்க் போல்ட்டைவிட மோசமான ஒன்றை எஞ்சின் வேலையில் நான் கற்பனை செய்ததில்லை. பாரின் மேல் ஒரு பைப்பைச் செருகி அழுத்தியபோது போல்ட்டும் புல்லியும் கிராங்கும் எல்லாம் சேர்ந்தே சுற்றின. மேனுவல் கியர் வண்டியாக இருந்தால் ஐந்தாவது கியரில் போட்டு இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஓரளவுக்காவது கிராங்கை நிறுத்தலாம். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது எண்ணெய் நிரம்பிய டார்க் கன்வெர்ட்டர் மட்டுமே. அதை எந்தக் கியரில் போட்டாலும் கிராங்க் நிற்காது.

அடுத்ததாக நான் செய்ய நினைத்தது ஸ்டார்ட்டருக்கு அருகில் உள்ள துளை வழியாக ஸ்டார்ட்டர் சுழற்றும் பல் வளையமான ரிங் கியரின் பல்லில் ஒரு திருப்புளியைச் செருகி நிறுத்துவது. அண்ணா அப்போதுதான் வாய் திறந்தார். "தம்பி, ஒரு பல்லு உடைஞ்சா கியர்பாக்ஸைக் கீழ இறக்கோணும். வேண்டாமுங்க." அதன்பிறகு அது பற்றி நாங்கள் பேசவில்லை. புல்லியின் வெளிவிளிம்பில் சங்கிலி ரெஞ்சைச் சுற்றிப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் இந்தப் புல்லி ஒரே இரும்புத் துண்டன்று. உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது. கிராங்கில் எழும் முறுக்கு அதிர்வுகளைத் தணிப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வெளி வளையத்தைப் பிடித்து நடுவில் விசை கொடுத்தால் ரப்பர் பிய்ந்துபோகும். பிய்ந்த புல்லி சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் தன் குறையைக் காட்டும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

பிறகு இம்பாக்ட் கன்னை எடுத்தோம். சுத்தியல் அடிகளைப் போல நொடிக்குப் பலமுறை முறுக்குத் தட்டுகளைத் தரும் கருவி அது. கிராங்கின் சொந்த எடையே அந்தத் தட்டுகளை எதிர்த்து நிற்கும் என்பதால் புல்லியைப் பிடிக்க வேண்டியதில்லை. அண்ணாவிடம் உள்ள கன் மோசமானதன்று. ஆனால் சக்கர வளைவுக்கு வெளியிலிருந்து போல்ட்டை எட்ட நீண்ட எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டது. நீண்ட, ஒல்லியான எக்ஸ்டென்ஷன் ஒரு முறுக்குச் சுருளைப் போல நடந்துகொள்ளும். ஒவ்வொரு தட்டையும் தானே வாங்கி, வளைந்து, திரும்பக் கொடுத்துவிடும். போல்ட்டுக்குப் போய்ச் சேருவது தட்டின் மிச்சம்தான். போதாக்குறைக்கு எங்கள் கம்ப்ரெசரிலிருந்து நெடுந்தூரம் வரும் மெல்லிய குழாயில், கன் ஓடத் தொடங்கியதும் காற்றழுத்தம் இறங்கிவிடும். ஐந்து நிமிடம் ஓட்டினோம். எதுவும் நடக்கவில்லை. கிராங்க் போல்ட்டுக்கென்றே கனத்த சுவர் கொண்ட சாக்கெட்டுகள் வெளிநாடுகளில் கிடைக்கின்றன. எடை கூடியதால் தட்டின் வேகத்தை அவை சேமித்துப் போல்ட்டுக்குச் சேர்க்கின்றன. எங்களிடம் அது இல்லை.

அன்று மாலை பைப்பின் நீளத்தைக் கூட்டி, புல்லிக்குப் பின்னால் ஒரு கம்பியை முட்டுக்கொடுத்து மீண்டும் முயன்றேன். பார் மெல்ல இறங்கியது. முப்பது டிகிரிக்கு மேல் இறங்கியிருக்கும். போல்ட் இளகுகிறது என்று மகிழ்ந்தேன். அடுத்த கணம் பாரின் அரை இஞ்ச் சதுர முனை முறிந்தது. நான் தரையில் கிடந்தேன். கை தோலுரிந்ததைத் தவிர வேறு காயம் இல்லை. ஆனால் என் தலை அந்தப் பாரின் பாதையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பாரின் மேல் விசை கொடுக்கும்போது அது முறிந்தால் எங்கே போகும், நான் எங்கே விழுவேன் என்று முதலில் யோசித்துவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்பதை, இதைப் படித்துவிட்டு முயலப்போகும் எவரும் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணா முறிந்த முனையை எடுத்துப் பார்த்தார். பிறகு போல்ட்டின் அருகே டார்ச்சை அடித்தார். காலையில் வேலை தொடங்கும்போது அவர் போல்ட் தலையிலிருந்து புல்லி வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்திருந்தார். ஏன் என்று நான் அப்போது கேட்கவில்லை. கோடு உடையாமல் அப்படியே நேராக இருந்தது. போல்ட் ஒரு டிகிரிகூட நகரவில்லை. நான் கண்ட முப்பது டிகிரியும் எக்ஸ்டென்ஷனும் பாரும் முறுக்கிக்கொண்டது, கம்பி நழுவியது, ரப்பர் மவுண்டின் மேல் எஞ்சின் சாய்ந்தது, ஸ்டாண்டின் மேல் கார் சற்று அசைந்தது ஆகியவற்றின் கூட்டுத்தொகை மட்டுமே.

"போல்ட்டு மேல குத்தமில்லைங்க. நீங்க குடுக்கற பலம் அதுகிட்டப் போய்ச் சேரவே இல்லை. மொதல்ல புல்லியப் புடிக்கோணும்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் வேலை முழுவதும் திசை மாறியது. அதுவரை என் எண்ணமெல்லாம் போல்ட்டைத் திருப்பும் கையைப் பற்றியதாகவே இருந்தது. இன்னும் நீளமான பைப், இன்னும் பெரிய கன். புல்லியைப் பிடிக்கும் கையைப் பற்றி நான் முறையாக யோசிக்கவே இல்லை. இத்தனைக்கும் ஹோண்டாவின் பொறியாளர்கள் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். புல்லியின் முகப்பில், போல்ட்டைச் சுற்றி, 50 மில்லிமீட்டர் அளவில் ஓர் அறுகோணக் குழி இருக்கிறது. அதற்குள் பொருந்தும் ஓர் அறுகோணத் துண்டையும் அதற்கு ஒரு கைப்பிடியையும் செருகினால், புல்லியின் உள் வளையத்தையே நேரடியாகப் பிடிக்கலாம். ரப்பருக்கு வேலை இல்லை. அந்தக் கருவியின் நடுவே உள்ள துளை வழியாகச் சாக்கெட் போல்ட்டை எட்டும். நான் அந்தக் குழியை வெறும் அலங்கார வடிவம் என்றே நினைத்திருந்தேன்.

கருவியைக் கடைகளில் தேடி அலைவதைவிடச் செய்துகொள்வது எளிது. கோவையில் வாழ்வதன் நன்மைகளில் இதையும் நான் நன்றியோடு சேர்த்துக்கொள்வேன்: ஓர் அளவைத் தாளில் வரைந்து கொடுத்தால் செய்து தரக்கூடிய லேத் பட்டறை நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 50 மில்லிமீட்டர் அறுகோணத்தின் மூலைக்கு மூலை அளவு 58 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈ.என்.8 என்ற எஃகு வகையின் உருண்டைக் கம்பியில் ஒரு துண்டை வாங்கி, ஆறு பக்கமும் மில்லிங் செய்து, நடுவில் 35 மில்லிமீட்டர் துளை போட்டோம். பக்கங்களில் மிஞ்சிய சுவர் ஏழரை மில்லிமீட்டர், அது போதும். அதன் முகத்தில் 12 மில்லிமீட்டர் கனமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட பட்டையை வெல்டிங் செய்தார்கள். ஈ.என்.8 இல் கரி அளவு கூடுதல் என்பதால், சூடாக்காமல் வெல்டிங் வைத்தால் ஓரத்தில் விரிசல் விடும். வெல்டிங் செய்தவர் இதை நாங்கள் சொல்லாமலே அறிந்திருந்தார்; முன்னும் சூடாக்கினார், பின்னும் மணலில் புதைத்து மெல்ல ஆறவிட்டார். கருவி உருவாக மூன்று நாள் ஆயிற்று.

அந்த வாரத்தில் போல்ட்டின் மேல் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து வைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். தெளித்தோம், ஆனால் நான் அதை நம்பவில்லை. பல டன் இறுக்கத்தில் வாஷரோடு ஒட்டியிருக்கும் தலையைக் கடந்து மரைவரை எண்ணெய் இறங்குவதற்கு வழியில்லை. காஸ் விளக்கால் சூடாக்குவதையும் மறுத்தோம். புல்லிக்குப் பின்னாலேயே கிராங்கின் ஆயில் சீல் இருக்கிறது, புல்லிக்குள் ரப்பர் இருக்கிறது, சுற்றிலும் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அண்ணா சம்மதித்தது ஒன்றுக்குத்தான்: சாக்கெட் மாட்டுவதற்கு முன் போல்ட் தலையின் மேல் பித்தளைக் கம்பியை வைத்துச் சில மிதமான தட்டுகள். தலைக்கு அடியிலுள்ள துருப்படலம் கொஞ்சம் உடையட்டும் என்பது அவர் கருத்து. கிராங்க் நெடுக்காக நகராமல் தாங்கும் பேரிங்குகளை நினைத்து மெதுவாகவே தட்டினேன்.

இரண்டாம் ஞாயிறு நாங்கள் அமைத்த அமைப்பைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனெனில் வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. காரின் இடப்புறம் நின்று புல்லியைப் பார்த்தால் காரின் முன்பக்கம் நம் இடக்கைப் பக்கம் வரும். போல்ட்டை இடப்பக்கமாகத் திருப்பும்போது புல்லியும் அதே திசையில் சுற்றப் பார்க்கும். ஆகவே பிடிக்கும் கருவியின் கைப்பிடியை முன்பக்கம் நீட்டி, அதன் முனைக்கு அடியில் தரையில் ஒரு மரக்கட்டையை வைத்தோம். சுற்றப் பார்த்தால் கைப்பிடி கட்டையின் மேல் அமர்ந்துவிடும். திருப்பும் பாரையும் முன்பக்கமே நீட்டிக் கீழ்நோக்கி அழுத்துவது என்று அண்ணா முடிவு செய்தார். பின்பக்கம் நீட்டி, ஜாக்கி வைத்து மேலே தூக்கலாமே என்றேன். ஜாக்கியும் காரைத் தூக்கும், தரைக்கட்டையும் காரைத் தூக்கும், இரண்டும் சேர்ந்தால் கார் ஸ்டாண்டை விட்டு எழும்பும் என்றார். நான் மேலிருந்து அழுத்தினால் தரைக்கட்டை தரும் எதிர்விசையை என் எடையே பெருமளவு ஈடுசெய்துவிடும். படித்தவன் நான், கணக்கைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

சாக்கெட், எக்ஸ்டென்ஷன், பார் எல்லாம் இந்த முறை முக்கால் இஞ்ச். பக்கத்துப் பட்டறையில் லாரி வேலைக்கு வைத்திருந்ததை இரவல் வாங்கினோம். எக்ஸ்டென்ஷனின் வெளி முனைக்கு அடியில் இன்னொரு ஸ்டாண்டை நிறுத்தினோம். எக்ஸ்டென்ஷன் நீளமாக இருப்பதால் நிலையான முறுக்கு விசை குறைந்துவிடாது. ஆனால் முனையைத் தாங்காவிட்டால் நம் எடை அதை வளைக்கவும் சாக்கெட்டைச் சாய்க்கவும் செலவாகும், சாய்ந்த சாக்கெட் தலையை வழுக்கும். தாங்கி வைத்துவிட்டால் விசைக்கு முறுக்குவதைத் தவிர வேறு வேலையில்லை. பைப்போடு சேர்த்துப் பாரின் நீளம் 1.3 மீட்டர்.

பைப்பின் முனையில் இரண்டு கைகளையும் வைத்து, கால்களைத் தரையிலேயே ஊன்றி, உடம்பின் எடையைச் சிறிது சிறிதாக இறக்கினேன். அண்ணா டார்ச்சைக் கோட்டின் மேல் அடித்துக்கொண்டு, பாரின் பாதைக்கு வெளியே குனிந்து நின்றார். பிடிக்கும் கைப்பிடி மரக்கட்டையில் நன்றாக அமர்ந்தது. அதன்பின் எதுவும் அசையவில்லை. சென்ற வாரம் எங்கெங்கோ போன அந்த முப்பது டிகிரி இப்போது இல்லை. சுமார் 48 கிலோ எடை இறங்கியிருக்கும். 600 நியூட்டன் மீட்டர் என்று பின்னால் கணக்குப் போட்டேன், தொழிற்சாலை அளவைப்போல் இரண்டரை மடங்கு. உரத்த சத்தத்துடன் பார் ஒரு கையளவு கீழே இறங்கியது. எதுவோ முறிந்துவிட்டது என்றே நினைத்து அப்படியே நின்றேன்.

"கோடு பிரிஞ்சிருச்சுங்க தம்பி" என்றார் அண்ணா.

போல்ட் தலையில் இருந்த பாதிக் கோடு, புல்லியில் இருந்த பாதியை விட்டு விலகி நின்றது. அதற்குமேல் போல்ட் சாதாரண ராட்செட்டில் சுற்றி வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தபோது மரைகள் பளிச்சென்று நன்றாக இருந்தன. வாஷரின் ஒரு முகத்தில்தான் செம்பழுப்பு நிறத்தில் துரு வளையம் போட்டிருந்தது. மரைகளில் எண்ணெயின் சுவடே இல்லை. முன்பு பெல்ட் மாற்றிய இடத்தில் வறட்டு மரையில் கன்னை வைத்து அளவில்லாமல் இறுக்கியிருக்க வேண்டும் என்பது அண்ணாவின் ஊகம்.

பெல்ட், தண்ணீர் பம்ப், டென்ஷனர், ஆயில் சீல் எல்லாம் மாற்றும் வேலை அரை நாளில் முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் போல்ட்டை மீண்டும் முறுக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் கழற்றியவனுக்கு, அடுத்த முறை எளிதாக வரட்டும் என்று கொஞ்சம் தளர்வாக விடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. புல்லியையும் பெல்ட்டை ஓட்டும் பல்சக்கரத்தையும் கிராங்கோடு சேர்த்துப் பிடிப்பது இந்த இறுக்கத்தின் உராய்வுதான். நடுவில், ஒரு பள்ளத்தில் அமரும் சிறு இரும்புக் கட்டையான சாவி, பற்களின் இடத்தைச் சரியாகக் காட்டுவதற்கு மட்டுமே. இறுக்கம் குறைந்தால் ஒவ்வொரு வெடிப்புக்கும் புல்லி இம்மியளவு ஆடி, சாவியையும் அதன் பள்ளத்தையும் அரைத்துவிடும். மாஸ்டாவின் எம்.எக்ஸ்-5 காரில், 1990களின் தொடக்கத்தில் வந்த குட்டை மூக்குக் கிராங்க் கொண்ட 1.6 லிட்டர் எஞ்சின்களில் இதே நோய் உலகெங்கும் பேசப்பட்டது. பள்ளம் அரைபட்டால் கிராங்கையே மாற்ற வேண்டிய நிலை வரும்.

ஆகவே புல்லியும் கிராங்கும் தொடும் முகங்களைத் துடைத்து உலர்த்தி, மரைகளுக்கும் தலைக்கும் வாஷருக்கும் நடுவில் மட்டும் எஞ்சின் ஆயிலைத் தடவி, அதே அறுகோணக் கருவியால் புல்லியைப் பிடித்துக்கொண்டு, டார்க் ரெஞ்சில் 245 வைத்து இறுக்கினேன். இம்முறை கைப்பிடி பின்பக்கம் நீண்டிருந்தது. திசை மாறியதால் அது தரையில் அமர்வதும் அந்தப் பக்கமே. பிறகு எஞ்சினை அது ஓடும் திசையிலேயே கையால் ஆறு சுற்றுச் சுற்றி, டைமிங் குறிகள் ஒன்றையொன்று பார்க்கின்றனவா என்று சரிபார்த்தோம்.

கருவி இப்போது அண்ணாவின் பட்டறைச் சுவரில் தொங்குகிறது; இதுவரை இரண்டு பழைய அக்கார்டுகளுக்கு இரவல் போய் வந்திருக்கிறது. அன்று சக்கரத்தை மாட்டுவதற்கு முன், பழைய பெயின்ட்டைத் தின்னரால் துடைத்துவிட்டு, போல்ட் தலையிலிருந்து புல்லிக்கு ஒரு புதிய வெள்ளைக் கோட்டை இம்முறை நான் இழுத்தேன். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். கோடு நேராகவே இருந்தது.